குடிநீர் அறிக்கையில் ஹார்மோனுக்கு ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆறுகளில் ஹார்மோன் கலப்பது குறித்துத் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு அருகிலுள்ள டொங்காட் வாசிகளான எங்களுக்கு அது வெளியூர்ச் செய்தியல்ல. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஊர்க் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்ததால், பல மாதங்கள் குடமும் வாளியுமாக டேங்கர் லாரிக்குக் காத்து நின்றோம். அந்தத் தண்ணீரை என் தாயார் பழைய வேட்டியை நான்காக மடித்து வடிகட்டி, தளதளவெனக் கொதிக்கவைத்துத்தான் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். கொதித்தால் கிருமி சாகும். ஆனால் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் போகாது என்பதைத் தங்கள் கட்டுரைக்குப் பிறகே அறிந்தேன்.

அதே வெள்ளம் டர்பன் வட்டாரத்துக் கழிவுநீர் நிலையங்களையும் உடைத்ததால், சுத்திகரிக்கப்படாத சாக்கடை ஆறுகளில் கலந்தது. நாடு முழுவதும் நிலைமை கவலைக்குரியதே: 2022-இல் வெளியான அரசின் 'கிரீன் டிராப்' அறிக்கை, 850 நகராட்சிக் கழிவுநீர் அமைப்புகளில் 334 மிக மோசமான நிலையில் இருப்பதாகக் கூறியது. சாக்கடை வழியே ஹார்மோன் ஆற்றில் கலப்பதற்குக் கருத்தடை மாத்திரை உண்ணும் பெண்கள்மீதே பழியைச் சுமத்துவோர் உண்டு. அது நியாயமல்ல; மனிதர் அனைவரின் சிறுநீரிலும் மாட்டுப் பண்ணைக் கழிவிலும் இயற்கை ஹார்மோன் இருக்கிறது. குற்றம் உடைந்த குழாய்களிலும் பராமரிப்பில்லாத நிலையங்களிலும்தான் இருக்கிறது.

கனடாவில் ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஏரி ஒன்றில் 2001 முதல் 2003 வரை கோடைதோறும், லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் அளவு இருக்கும்படி கருத்தடை மாத்திரையின் ஹார்மோனைக் கலந்தார்கள். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதற்கே ஆண் மீன்களின் உடலில் முட்டைக்குரிய புரதம் உண்டாகி, அங்கிருந்த சிறுமீன் இனமே ஏறக்குறைய அழிந்துபோயிற்று. குடிநீரில் இருக்கக்கூடிய நுண்ணளவு மனிதரை என்ன செய்யும் என்பது இன்னும் ஆய்வில் உள்ளது. ஆகவேதான் அளந்து பார்க்கச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த ஈஸ்ட்ரடயோலைக் குடிநீர்க் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்து, லிட்டருக்கு 1 நானோகிராம் என்று வழிகாட்டு அளவும் வகுத்துவிட்டது.

ஹார்மோனை நீக்க உதவும் ஓசோனும் கரித்தூள் வடிகட்டியும் செலவு பிடிப்பவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவற்றை இன்றே கேட்கவில்லை. சென்ற மாதம் எங்கள் பகுதி நீர்ப் பரிசோதனைத் தாளைக் கேட்டு வாங்கினேன்: ஈ-கோலை, குளோரின், கலங்கல் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, ஹார்மோனுக்கு இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆற்று நீரிலும் குழாய் நீரிலும் அதையும் அளந்து, வந்த எண்ணை அதே தாளில் அச்சிட்டு மக்களுக்குத் தர வேண்டும்.

இப்படிக்கு,
டொங்காட் வாசகர்,
குவாசுலு-நட்டால்