அடுத்த பக்கம் எங்கடா?

அன்புள்ள முருகேசா,

நலம், நலமறிய ஆவல், வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு. சம்பிரதாயம் முடிந்தது. தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்குப் பங்குனியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள், நேரில் மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். பெரியவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. எனக்கு இங்கே திருநெல்வேலியில் சர்க்கரை கூடிவிட்டது. மற்றபடி விசேஷமில்லை.

என்னை எழுத வைத்தது பரண். வெள்ளையடிக்க ஆள் வருவதாக இருந்ததால் பரணைக் காலி செய்தோம். ஹாஸ்டல் தகரப்பெட்டியைத் திறந்து டிகிரி சான்றிதழைத் தேடினால், கையில் வந்தது அன்று நீ வரைந்த காமிக்ஸ், 'பிணவறைப் பெருமாள்'. ஆமாம்டா, அதேதான். கரப்பான் வாடையோடு கோடு போடாத நோட்டில் பதினேழு பக்கம். பிணத்துக்கு அப்படியே வார்டன் முகத்தை வைத்திருக்கிறாயே, அந்த ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்தால் இப்போதும் பயமும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது. பதினேழாவதில் பெருமாள் ஒரு பிணத்தை மூடிய துணியின் நுனியைப் பிடித்திருக்கிறான். அவன் கட்டைவிரல் நகத்தின் அழுக்கைக்கூட ஹீரோ பேனாவால் புள்ளி புள்ளியாகப் போட்டிருக்கிறாய். கீழே 'தொடரும்'. 1993 பிப்ரவரியிலிருந்து தொடரும்!

நாங்கள் உன்னைப் படுத்திய பாடும் ஞாபகம் வந்தது. மெஸ் வரிசையில், குளியலறை வாசலில், எங்கே பார்த்தாலும் "அடுத்த பக்கம் எங்கடா?" நீ ஒருநாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "பன்னிரண்டு பேருக்கு ரெக்கார்ட் நோட்டில் தவளை வரைந்துகொண்டிருக்கிறேன். அதை நீங்கள் வரையுங்கள், இதை நான் வரைகிறேன்" என்றாய். நாங்கள் சிரித்தோம். தவளையை யாரும் வரையவில்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்த காலத்தில், அமெரிக்காக்காரன் காப்பி குடிக்கப் போகும் இடைவெளியில் நான் திருட்டுத்தனமாகப் படித்த இணையக் காமிக்ஸ் ஒன்று உண்டு. பெயர் 'சம்திங் பாசிட்டிவ்'. பெயரில் மட்டும்தான் பாசிட்டிவ். ராண்டி மில்ஹாலண்ட் என்கிற டெக்சஸ்காரர் 2001 டிசம்பர் 19 அன்று ஆரம்பித்தது. முதல் துணுக்கிலேயே கதாநாயகன் டாவன், முன்னாள் காதலியின் வளைகாப்புக்குப் பரிசாகத் தருவது துணி மாட்டும் கம்பி ஹேங்கர். கருக்கலைப்பு சட்டவிரோதமாக இருந்த காலத்தில் அங்கே பெண்கள் அந்தக் கம்பியை வைத்துச் செத்த கொடுமைக்கு அது அடையாளம். முகம் சுளிக்கிறாயா? எனக்கும் சுளித்தது. ஆனால் உன் ஒன்பதாம் பக்கத்தை ரசித்தவனுக்குச் சுளிக்க யோக்கியதை கிடையாது என்று மேலே படித்தேன்.

பாஸ்டனில் இருக்கிற சில நண்பர்கள். எல்லாருக்கும் வாய் கத்தி. எலும்பே இல்லாததுபோல் கூழாக ஒழுகும் ரோஸ் நிறப் பூனை ஒன்று, பெயர் சூ-சூ பேர். அதைவிட, இந்தக் கதையில் ஆட்களுக்கு வயதாகும். நம் மாயாவிக்கும் மாண்ட்ரேக்குக்கும் என்றைக்காவது ஒரு நரை விழுந்து பார்த்திருக்கிறாயா? இங்கே விழும். கல்யாணம் ஆகும், முறியும், ஆட்கள் செத்தும் போவார்கள். செத்தால் செத்ததுதான்.

நான் சொல்ல வந்தது அதன் கதையை அல்ல, அது பிழைத்த கதையை. மில்ஹாலண்டுக்குப் பகலில் வேலை, ராத்திரியில் படம். பக்கம் தாமதமாக வந்தால் வாசகர்கள் வைவார்கள். காசு கொடுத்து வாங்குகிறவன்கூட அப்படி வையமாட்டான், இவர்கள் ஓசியில் படிக்கிறவர்கள். 2004-ல் மனுஷனுக்குப் பொறுமை போய்விட்டது. "என் ஒரு வருடச் சம்பளத்தைக் கொடுங்கள், வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் வரைகிறேன். முடியாதென்றால் பேசாமல் இருங்கள்" என்கிற மாதிரி சவால் விட்டார். கொடுக்கமாட்டார்கள், இத்தோடு வாயை மூடுவார்கள் என்பது கணக்கு. கொடுத்துவிட்டார்கள்! ஒரு மாத வாக்கில் இருபதாயிரம் டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் வேலையை விட்டார். இப்படி ரசிகர்களிடம் பணம் திரட்டித் தரும் இணையதளங்களில் கிக்ஸ்டார்ட்டர் வந்தது 2009, பேட்ரியான் வந்தது 2013. அதெல்லாம் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்னால், வசவு வாங்கிய எரிச்சலில் ஒரு ஆள் இதைச் செய்திருக்கிறார். உன் தவளைப் பேச்சும் இதே பேச்சுத்தானே? வித்தியாசம், அவருக்கு வாய்த்த வாசகர்கள் ரோஷக்காரர்கள். உனக்கு வாய்த்தது நாங்கள்.

இன்னும் கேள், இனிமேல்தான் வேடிக்கை. பாப்பாய் தெரியுமல்லவா, கீரை தின்கிற மாலுமி. அவனைப் படைத்தவர் பெயர் சீகர் (நம் சேகரிடம் சொல்லாதே, சொந்தம் கொண்டாடுவான்). சீகரின் தொடர் 1919 டிசம்பர் 19 அன்று தொடங்கியது. தேதியைப் பார்த்தாயா? ஆலிவ் முதலிலிருந்தே அதில் இருக்கிறாள். பாப்பாய் வந்து சேர்ந்தது 1929-ல்தான். அதை இன்றுவரை பத்திரிகைகளுக்கு விநியோகிப்பது கிங் ஃபீச்சர்ஸ், நாம் சிவகாசி அச்சில் வாங்கிப் படித்த மாண்ட்ரேக்கின் அதே முதலாளி. 1992-ல் அவர்கள் தினசரித் துணுக்கை வரைந்துகொண்டிருந்த பாபி லண்டனை வேலையை விட்டு நீக்கினார்கள். காரணம் என்ன தெரியுமா? ஆலிவ் டிவி கடையில் வாங்கிய ரோபோக் குழந்தையை வேண்டாமென்று திருப்பி அனுப்பப் பார்க்கிறாள். அதை அரைகுறையாகக் கேட்ட பாதிரியார்கள், இவள் கருவைக் கலைக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான், சீட்டு கிழிந்தது.

முப்பது வருடம் தள்ளி, 2022-ல், ஞாயிற்றுக்கிழமைப் பாப்பாயை வரைந்துகொண்டிருந்த ஹை ஐஸ்மன் 95 வயதில் ஓய்வு பெற்றார். 95! நாம் ஓய்வு பெறும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்த ஜூன் மாதம் கிங் ஃபீச்சர்ஸ் பேனாவைக் கொடுத்தது யாரிடம்? வளைகாப்புக்குக் கம்பி ஹேங்கர் கொண்டுபோனவனைப் படைத்த அதே மில்ஹாலண்டிடம். அந்தச் சிரிப்புக்கு ஒருவரை நீக்கினார்கள், அதைவிடக் கறுப்பான சிரிப்பில் ஆரம்பித்தவரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். உலகம் திருந்திவிட்டது என்று நான் சொல்லவில்லை. மில்ஹாலண்ட் இருபது வருடம் விடாமல் வரைந்தார், அதில் கை படிந்தது, அவ்வளவுதான் எனக்குத் தோன்றுகிறது. 2019-ல் பாப்பாயின் 90-ஆம் ஆண்டுக்காகப் பலரை வரையச் சொன்னபோது அவரும் சிலது போட்டார், அதுதான் வாசல்.

இனி சிரிக்க வேண்டாம், ஒரு நிமிஷம். அந்தக் காமிக்ஸில் டாவனுடைய அப்பா ஃப்ரெட் என்று ஒருவர். வாயைத் திறந்தால் வசவு, மகன்மேல் உயிர். மனைவி இறந்துபோகிறாள். பிறகு ஃப்ரெட்டுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பிக்கிறது, அல்சைமர். மகன் டெக்சஸுக்குத் திரும்பிப் போய்விடுகிறான். படிக்கும்போது, நக்கலுக்காகப் படிக்கிற இடத்தில் இதை ஏன் போடுகிறான் என்று எரிச்சல்பட்டேன். சில பக்கங்களைத் தாண்டிக்கூடப் போயிருக்கிறேன்.

இப்போது என் அப்பா. போன ஐப்பசியிலிருந்து என்னைத் 'தம்பிதுரை' என்று சித்தப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். முதலில் திருத்தினேன், இப்போது திருத்துவதில்லை. சித்தப்பாவுக்குக் கிடைக்கிற பாசம் நல்ல ருசியாகத்தான் இருக்கிறது. இத்தனை மாதமாக உனக்கு எழுதாததற்கு இதுவும் காரணம். 'அப்பா எப்படி இருக்கிறார்?' என்று நீ கேட்டிருந்தாய். அந்த ஒரு வரிக்குப் பதில் எழுத வரவில்லை.

பரணிலிருந்து இறக்கிய நோட்டை வராந்தாவில் வெயிலில் காயப் போட்டிருந்தேன். அப்பா எடுத்துப் பிரித்தார். அவருக்குப் பேப்பரே இரண்டு வரிக்கு மேல் ஓடாது. உன் பதினேழு பக்கத்தையும் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்து முடித்துவிட்டார். ஒன்பதாம் பக்கத்தில் கெக்கெக்கே என்று சிரித்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினார், அட்டை. திரும்பவும் புரட்டினார், அட்டை. "அடுத்த பக்கம் எங்கடா? துணிக்கு அடியில யாரு?" என்றார்.

மறுநாள் காலையில் நோட்டைப் பார்த்ததும், "இது என்ன புதுசா?" என்று எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, ஒன்பதாவதில் அதே சிரிப்பு, கடைசியில் அதே கேள்வி. இன்றோடு பத்தொன்பது நாள். தினமும் அவருக்கு அது புதிது. நான்தான் தினமும் பதில் இல்லாமல் நிற்கிறேன். ஒருநாள் "வார்டன்தான்ப்பா" என்று சொல்லிப் பார்த்தேன். "போடா, அவனை ஒன்பதாம் பக்கத்திலேயே போட்டாச்சு" என்றார். பிடி விட்டுப்போன மனுஷனுக்கு அது மட்டும் பிடிபட்டிருக்கிறது பார்.

ஆகையால் பதினெட்டாம் பக்கம் வேண்டும். "கை நடுங்குது, கண்ணு தெரியலை, பேங்க் வேலை" என்று ஆரம்பிக்காதே. நடுங்கினால் நடுங்கின கோடு வரட்டும். ஓசியில் கேட்கவும் மாட்டேன், மில்ஹாலண்ட் கதையை எழுதிவிட்டு இனி எப்படிக் கேட்பது? ஹாஸ்டல் ஆட்களிடம் வசூல் தொடங்கியாகிவிட்டது. தவளைக்கு ஒரு ரேட், பன்னிரண்டு தவளை, முப்பத்துச் சொச்சம் வருட வட்டி. சேகர் ஐந்நூறு ரூபாய் ஒத்துக்கொண்டு இன்னும் தரவில்லை, நீ எதிர்பார்த்ததுதான். உன் ஒரு வருடச் சம்பளம் வராது. நல்ல பேனாவும் ஒரு மாதக் காப்பிச் செலவும் வரும்.

பழைய நோட்டின் அளவையே எடு, ஓரத்தில் இரண்டு விரல் இடம் விடு, நான் ஒட்டிக்கொள்கிறேன். கூரியரில் அனுப்பு. போனில் படம் பிடித்து அனுப்பாதே, அப்பாவுக்குப் போன் திரையில் தெரியாது.

அன்புடன்,
தம்பிதுரை (இந்த வீட்டில் இப்போது அதுதான் பெயர்)

பி.கு.: அல்வா அரைக்கிலோ தனியாக அனுப்பியிருக்கிறேன். அது முன்பணம்.