ஒரு மணி நேரத்தில் வேலை செய்தால் அது மூலிகை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்மைக்குறைவுக்கான மூலிகைகள் என்று உங்கள் இதழின் மருத்துவப் பகுதியில் அமுக்கரா (அஸ்வகந்தா), பூனைக்காலி, நெருஞ்சில், நீர்முள்ளி எல்லாம் வரிசையாக வந்திருந்தன. பக்குவம் என்ன, யார் தொடக்கூடாது என்பது மட்டும் வரவில்லை. படித்த கையோடு நாட்டு மருந்துக்கடைக்குக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அமுக்கரா சூரணத்தின் கணக்கைப் பாருங்கள். கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. மொத்தம் 255 பங்கில் பாதி சர்க்கரை, அமுக்கரா கால்வாசிதான். விறைப்புக் குறைபாட்டோடு வருகிறவர்களில் நீரிழிவுக்காரர்கள் ஏராளம். அவர்களுக்கு இந்தச் சூரணமோ, இனிப்பும் நெய்யும் சேர்ந்த லேகியமோ ஒத்துவராது. சுத்தி செய்த தனி அமுக்கராப் பொடியே போதும், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில்.

சுத்தி என்பது சடங்கல்ல. கிழங்குப் பொடியைப் பால் தெளித்துப் பிசறி, பாலும் நீரும் சமமாக ஊற்றிய பானையின் வாயில் துணியால் வேடு கட்டி, அதன்மேல் பரப்பி மூடி, பிட்டு அவிப்பதுபோல் அவிக்க வேண்டும். பிறகு உலர்த்தி, மறுபடி இடித்து, துணியில் சலிக்க வேண்டும். பலரும் கோட்டைவிடுவது உலர்த்துவதில்தான். பால் ஈரம் கொஞ்சம் தங்கினாலும் பொடி கட்டிதட்டும், புளித்த வாடை வரும், பூஞ்சை பிடிக்கும். அதை வெயிலில் போட்டுக் காப்பாற்றப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். கிழங்கோடு இலையை அரைத்துக் கலப்பதும் நடக்கிறது. இலையைச் சேர்க்க வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகமே 2021-இல் உற்பத்தியாளர்களை அறிவுறுத்தியது. தைராய்டு மிகையாகச் சுரப்பவர்களும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் அமுக்கராவைத் தவிர்க்க வேண்டும். சாப்பிடும்போது கண்ணோ சிறுநீரோ மஞ்சளித்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பூனைக்காலி விதையைப் பாலில் வேகவைத்து, தோலும் முளையும் நீக்கித்தான் பொடிக்க வேண்டும். அதில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. நடுக்குவாதத்துக்குக் (பார்க்கின்சன் நோய்) கொடுக்கும் அதே மருந்து. அளவு மீறினால் குமட்டலும் தலைச்சுற்றலும் வரும். நடுக்குவாதத்துக்கோ மனநோய்க்கோ மருந்து சாப்பிடுகிறவர்கள் அதைத் தாமாகத் தொடவே கூடாது.

பலன்? சித்த மருத்துவம் படித்தவன் என்பதால் கூட்டிச் சொல்ல மாட்டேன். மனம் சார்ந்த விறைப்புக் குறைபாட்டுக்கு அமுக்கராவைக் கொடுத்துப் பார்த்து 2011-இல் வெளியான குஜராத்தின் ஜாம்நகர் ஆய்வில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. தூக்கத்துக்கும் மனப் பதற்றத்துக்கும் அமுக்கரா உதவலாம். அதுவும் வாரக்கணக்கில் சாப்பிட்டால்தான்.

ஆகவே, "அரை மணியில் பலன்" என்று விற்கிற பொடியைத்தான் சந்தேகிக்க வேண்டும். உலகெங்கும் இப்படிப்பட்ட 'மூலிகை' மருந்துகளைச் சோதித்தபோது, விறைப்புக்காக ஆங்கில மருத்துவத்தில் கொடுக்கும் சில்டெனாபிலோ (வயாகரா) டாடலாபிலோ உள்ளே கலந்திருப்பது திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. சாப்பிட்டதும் முகம் சிவந்து சூடாகிறதா? தலை வலிக்கிறதா? மூக்கு அடைக்கிறதா? பார்வையில் நீலம் படர்கிறதா? அந்த மாத்திரைகளின் பக்கவிளைவுகள் இவை. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் சார்பிட்ரேட் வைக்கிற இதய நோயாளிக்கு இந்தக் கலப்படம் எமன். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று இறங்கி உயிர் போகலாம். சில்டெனாபில் எடுத்தவருக்கு 24 மணி நேரமும் டாடலாபில் எடுத்தவருக்கு 48 மணி நேரமும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் வகை மருந்து கொடுக்கக்கூடாது. லேகியம் சாப்பிட்டதை வெட்கப்பட்டு மறைத்தால் அவசரப் பிரிவு மருத்துவருக்கு எப்படித் தெரியும்? நெஞ்சுவலி என்று 108-ஐக் கூப்பிட்டால் அந்த டப்பாவையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். விறைப்பு 4 மணி நேரம் தாண்டியும் தளராவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஆண்குறிக்குப் போகும் ரத்தக்குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத்துக்குப் போவது 3 முதல் 4. கொழுப்புப் படிந்தால் சின்னக் குழாய் முதலில் தகராறு செய்யும். நெஞ்சுவலி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே விறைப்பு தளர்வது இதனால்தான். லேகியத்துக்கு முன் ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, கொழுப்பு, காலை வேளையில் எடுத்த ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். அட்டினோலால் போன்ற அழுத்த மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும்கூட இதற்குக் காரணமாகலாம். ஆனால் தாமாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

ஊர் ஊராக லாட்ஜில் அறை எடுத்து, இந்தத் தேதியில் இந்த ஊர் என்று விளம்பரம் கொடுக்கும் 'பரம்பரை வைத்தியர்கள்' பற்றியும் சொல்ல வேண்டும். பாலுறவுத் திறனைக் கூட்டுவதாக மருந்தை விளம்பரப்படுத்துவது 1954-ஆம் ஆண்டு மருந்துகள், மாய நிவாரணங்கள் (ஆட்சேபகர விளம்பரங்கள்) சட்டப்படி குற்றம். அதை வெளியிடுவதில் பங்கெடுப்பவரையும் அந்தச் சட்டம் விடுவதில்லை. உங்கள் இதழின் விளம்பரப் பிரிவு இதைக் கவனிக்க வேண்டுகிறேன். உரிம எண்ணும் பேட்ச் எண்ணும் சேர்மானப் பட்டியலும் இல்லாத டப்பா கையில் கிடைத்தால், வாசகர்கள் அதை மாவட்ட சித்த மருத்துவ அலுவலரிடம் ஒப்படைத்துப் புகார் எழுதிக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
சித்த மருத்துவர் ஒருவர்,
பாளையங்கோட்டை.