குடும்ப மருத்துவரை வார்டுக்குள் மட்டும் வளர்க்காதீர்கள்

தேசிய மருத்துவ ஆணையத்தின் முதுநிலை மருத்துவக் கல்வி வாரியத்தினருக்கு,

வணக்கம். 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், குடும்ப மருத்துவ மேற்படிப்புகளை வளர்ப்பதையும் உங்கள் வாரியத்தின் கடமைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அந்தக் கடமையை முன்வைத்தே எழுதுகிறேன். நான் குடும்ப மருத்துவத்தில் டிஎன்பி (தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் முதுநிலைத் தகுதி) முடித்து, தமிழ்நாட்டின் சிறு நகரம் ஒன்றில் மருத்துவம் பார்ப்பவன். எம்பிபிஎஸ் முடித்த இளையவர்கள் சிலர் இந்தப் படிப்பில் சேரலாமா என்று என்னிடம் கேட்பதுண்டு. சேருங்கள் என்றே சொல்கிறேன். ஆனால் அந்த மூன்று ஆண்டுகள் எப்படிக் கழியும் என்று விளக்கும்போது சங்கடமாக இருக்கிறது.

பொது மருத்துவம், குழந்தை நலம், மகப்பேறு, அறுவை சிகிச்சை ஆகியவற்றில் சில மாதங்கள். தோல், கண், எலும்பு, மனநலம், காது மூக்கு தொண்டை என்று சில வாரங்கள். நடுவில் ஓர் ஆய்வேடு. முடிவில் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும். தாளில் பார்த்தால் குறை தெரியாது. நடைமுறையில், எந்தத் துறைக்குப் போனாலும் நாங்கள் வெளியாள்தான். இரவு டியூட்டிக்கு ஆள் குறைந்தால் எங்கள் நினைவு வரும். கற்பிக்கும் நேரம் வந்தால் அந்தத் துறையின் சொந்த மாணவர்கள் முன்னால் நிற்பார்கள். துறைத் தலைவர்களை இதற்காகக் குற்றம் சொல்ல மாட்டேன். தங்கள் மாணவரை உருவாக்குவதுதான் அவர்கள் வேலை. எங்களை உருவாக்குவது யார் வேலை என்பதற்குத்தான் விடை இல்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. வார்டில் பார்க்கும் நோயாளி டிஸ்சார்ஜ் ஆனதும் எங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார். எழுதிக் கொடுத்த மாத்திரையை வாங்கினாரா, பாதியில் நிறுத்தினாரா, அடுத்த ஆண்டு சர்க்கரை எவ்வளவு, அதே வீட்டில் மருமகளுக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று அறிய வழியே இல்லை. பெரிய மருத்துவமனைக்கு நோய் முற்றித்தான் வருகிறது. மூன்று நாள் காய்ச்சலும் காரணம் புரியாத அசதியும், தூக்கமின்மை என்று சொல்லிக்கொண்டு வரும் மனச்சோர்வும் வார்டுக்கு வருவதில்லை. நாளை எங்களிடம் வரப்போகிறவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான். இவர்களைப் பார்க்காமலே ஒருவர் குடும்ப மருத்துவராகிவிட முடிகிறது என்றால், பயிற்சியின் அச்சே இடம் மாறிக் கிடக்கிறது என்று பொருள்.

மற்ற நாடுகள் இந்த அச்சை எங்கே வைத்திருக்கின்றன என்று பாருங்கள். அமெரிக்காவில் 1969இல் குடும்ப மருத்துவம் தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது. அங்கும் 36 மாதங்கள்தான். அங்கும் துறை துறையாகச் சுற்ற வேண்டும். ஆனால் முதல் ஆண்டிலிருந்தே பயிற்சி மருத்துவருக்கென்று ஒரு கிளினிக்கும், அவர் பெயரில் சில குடும்பங்களும் இருக்கும். முன்பு அந்தக் கிளினிக்கில் குறைந்தது 1,650 முறை நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. 2023இல் அதை மாற்றி 1,000 மணி நேரம் என்றார்கள். கணக்கு மாறியது, கிளினிக் மாறவில்லை. இங்கிலாந்திலோ மூன்றாண்டுப் பயிற்சியில் 24 மாதங்கள், அங்கே ஜிபி என்று அழைக்கப்படும் குடும்ப மருத்துவர்களின் கிளினிக்குகளிலேயே கழிகின்றன.

நம்மிடம் இடம் இல்லையா? ஊருக்கு ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. 2021 முதல் தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளின் வீட்டுக்கே மருந்து கொண்டு போகிறார்கள். ஒரு பயிற்சி மருத்துவரை அவர்களோடு இணைக்கப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. முன்மாதிரிகளும் நம்மிடம் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1982லேயே நகரத்து ஏழைகளுக்கென்று குறைந்த செலவு மருத்துவப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி எம்டி குடும்ப மருத்துவத்தை நடத்திக் காட்டியிருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இது. முதல் மாதத்திலிருந்து வாரம் இரண்டு அரை நாட்கள், மூன்று ஆண்டுகளும் அதே ஆரம்ப சுகாதார நிலையத்தில், அதே குடும்பங்களை மாணவர் பார்க்கட்டும். எந்தத் துறையில் சுழற்சியில் இருந்தாலும் அந்த அரை நாட்களில் அவரை வேறு வேலைக்கு இழுக்கக் கூடாது என்று எழுத்தில் விதி செய்யுங்கள். உங்கள் 2023 விதிமுறை எல்லா முதுநிலை மாணவரையும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்கிறது. நல்ல விதி. குடும்ப மருத்துவ மாணவருக்கு அது போதாது. டிஎன்பி உங்கள் வாரியத்தின் கீழ் வரவில்லை என்பதை அறிவேன். எம்டிக்கு நீங்கள் இப்படி வகுத்துவிட்டால் தேசியத் தேர்வு வாரியமும் பின்தொடர அழுத்தம் உருவாகும்.

ஆசிரியர் எங்கே என்று கேட்பீர்கள். பெரும்பாலான கல்லூரிகளில் குடும்ப மருத்துவத்துக்குத் தனித் துறையே இல்லாதபோது, பணியிடம் எங்கிருந்து வரும்? பணியிடம் இல்லாமல் ஆசிரியர் எப்படி உருவாவார்? இந்த முடிச்சை அவிழ்க்கும் அதிகாரம் ஆணையத்திடம்தான் இருக்கிறது. துறை உருவாகும் வரை, பல ஆண்டுகளாக ஊர்களில் மருத்துவம் பார்த்துவரும் தகுதி பெற்ற குடும்ப மருத்துவர்களைப் பகுதி நேர ஆசிரியர்களாக ஏற்றுக்கொள்ளுங்கள். அழைத்தால் நான் வருவேன். என்னைப் போல் பலரும் வருவார்கள்.

இன்னொன்று. செய்முறைத் தேர்வில் வார்டிலிருந்து ஒரு நோயாளியைக் கொடுத்து அரை மணி நேரத்தில் நோயைக் கண்டறியச் சொல்வதோடு, மாணவர் மூன்று ஆண்டுகள் கவனித்த ஒரு குடும்பத்தின் பதிவேட்டையும் தேர்வாளர் கேட்கட்டும். கல்லூரி ஆய்வுக்கு வரும் ஆணையத்தின் குழுவும் படுக்கைகளை எண்ணி முடித்தபின் அந்தப் பதிவேடுகளைத் திறந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு குடும்ப மருத்துவர்