மன்னிப்பதா வேண்டாமா என்பதைப் பகடை முடிவு செய்யலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அதன் முயற்சிகள் பலிக்குமா என்பதைப் பகடை உருட்டி அறிந்து ஆடும் விளையாட்டுகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். ஆனால், பேச்சுத் திறனுக்கான பகடையில் ஒருவர் வென்றுவிட்டால் எதிரில் இருக்கும் சக ஆட்டக்காரரின் பாத்திரமும் இணங்கியே தீர வேண்டும் என்ற அதன் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் குழுவில் நான் ஆடிய படைவீரனின் தம்பியை மற்றொருவர் ஆடிய திருடன் எதிரிகளிடம் காட்டிக்கொடுத்திருந்தான். அந்தத் திருடன் மன்னிப்புக் கேட்ட இரவில், 20 முகப் பகடை அவர் பக்கம் விழுந்தது. "உன் வீரன் மன்னித்துவிட்டான்" என்றார் ஆட்டத்தை நடத்தியவர். ஆறு மாதங்களாக நான் உருவாக்கி வந்த ஒரு மனிதனின் மனம் என் கையைவிட்டுப் போனதை அன்று உணர்ந்தேன்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில், எதிர்ப்படும் உயிரினம் பகைக்குமா, நட்புக் கொள்ளுமா என்பதற்கு இரண்டு பகடைகள் உருட்டப்பட்டன. 2003-இல் வந்த அதன் திருத்தப் பதிப்பு, 'டிப்ளமசி' என்னும் பேச்சுத் திறனால், ஆட்டக்காரர்கள் ஏற்காமல் ஆட்டத்தை நடத்துபவரே இயக்கும் பாத்திரங்களின் மனப்பாங்கையே மாற்றலாம் என்று தெளிவாக வரையறுத்தது. அந்த எல்லைக்குள் பகடை அவசியம் என்றே கருதுகிறேன். வாள் சுழற்றத் தெரியாதவர் வீரனாக ஆடலாம் என்றால், நாலு பேர் முன் பேசக் கூசுபவர் நாவன்மை மிக்க தூதராக ஆடுவதற்கும் வழி இருக்க வேண்டும் அல்லவா? அதேபோல், ஒருவன் பொய் சொல்லும்போது அவன் முகத்தில் தடுமாற்றம் தெரிந்ததா என்பதைப் பகடை எனக்குச் சொல்லட்டும். அவனை நம்பிப் பின்தொடர்வதா என்பதை நானே முடிவு செய்ய வேண்டும்.

1985-இல் வந்த கிரெக் ஸ்டாஃபோர்டின் 'பென்டிராகன்' விளையாட்டில் இரக்கம், கொடுமை போன்ற இயல்புகளே எண்களாகி, சில வேளைகளில் வீரனின் செயலைத் தீர்மானிக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், அந்த எண்கள் அவ்வீரனின் சொந்த நடத்தையால் வளர்ந்தவை. அடுத்தவரின் நாவன்மையால் திணிக்கப்பட்டவை அல்ல.

இன்னும் நல்ல வழியை வின்சென்ட் பேக்கரின் 'அபோகலிப்ஸ் வேர்ல்டு' 2010-இல் காட்டியது. அதில் சக ஆட்டக்காரரின் பாத்திரத்தை வசப்படுத்த முயல்பவர் இரண்டு பகடைகளை உருட்டி, மொத்தம் 10-ஐ எட்டினால், இணங்குபவருக்கு, பாத்திரத்தை மேம்படுத்த உதவும் அனுபவப் புள்ளி கிடைக்கும். மறுப்பவர் இடர்ப்பாட்டுக்கு நடுவே செயல்பட நேரிடும். 7 முதல் 9 வரை விழுந்தால் இவ்விரண்டில் ஒன்று மட்டுமே. பேச்சுக்கு வலிமை உண்டு. ஆனால் இணங்குவதும் மறுப்பதும் கேட்பவரின் கையில்தான் இருக்கின்றன.

நீண்ட விவாதத்துக்குப் பின் எங்கள் குழுவும் இதையொட்டி ஒரு விதியை ஏற்று, அந்த இரவின் காட்சியை மீண்டும் ஆடியது. பகடை இம்முறையும் திருடனுக்கே சாதகமாக விழுந்தது. என் வீரன் அவனை மன்னிக்கவில்லை. "ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு எனக்கு முன்னால் நட" என்று மட்டும் அவனிடம் சொன்னான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்.