கழிவு நாறுவதற்குள் வாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காய்கறிக் கழிவிலிருந்து என்சைம் (நொதி) கொண்டு நார்ச்சத்து பிரிப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாலக்காட்டு எல்லையில், வேலந்தாவளம் சந்தையில் காய் வாங்கி விற்பவள் நான். கோஸ் மூட்டையைப் பிரித்ததும் மேல் இலை மூன்று நான்கை உரித்துவிட்டுத்தான் அடுக்குவோம். அதோடு உடைந்த கேரட், காலிஃபிளவர் தண்டு, அடிபட்ட பூசணி என்று பொழுது சாய்வதற்குள் குவியல் இடுப்பளவு ஏறிவிடும். கொஞ்சத்தை மாடு தின்னும். மீதி மறுநாளே தண்ணீர் விட்டு நாறும்.

என்சைம் என்றதும் பக்கத்துக் கடை அக்கா ஏதோ மருந்து கலக்கிறார்கள் என்று பயந்தார். பயப்பட ஒன்றுமில்லை. வெறும் சோற்றை நன்றாக மென்றால் இனிக்கிறதே, அது எச்சிலில் இருக்கும் அமைலேஸ் செய்யும் வேலை. ஆட்டுக்கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய் போடுகிறோமே, அதன் பாலில் புரதத்தை அறுக்கும் என்சைம் இருக்கிறது. கழிவிலிருந்து நார் பிரிப்பதிலும் அதே கதைதான். முதலில் மாவுச்சத்து, அப்புறம் புரதம் கரைந்துபோக, நார் மிஞ்சும். நீரில் கரைந்திருக்கும் நாரை நான்கு பங்கு ஆல்கஹால் ஊற்றித் திரளவைத்து வடிக்கிறார்கள். அமிலமும் காரமும் ஊற்றிப் பிரித்தால் பெக்டின் என்ற கரையும் நார் கெட்டுப்போகலாம், கழிவுநீரும் தொல்லை. ஆகவே இந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் கட்டுரை தண்ணீரைப் பற்றிப் பேசவே இல்லை. கோஸில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். போன வெயிலில் பத்து கிலோ இலையை மொட்டை மாடியில் காயப்போட்டேன். ஒரு கிலோகூடத் தேறவில்லை. இதை ஈரத்தோடு லாரியில் ஏற்றி, உணவு ஆய்வுக்கூடம் இருக்கும் மைசூருக்கோ தஞ்சாவூருக்கோ அனுப்பினால் தண்ணீருக்குத்தான் வாடகை கொடுப்போம். போய்ச் சேர்வதற்குள் அழுகியும்விடும்.

ஒரு அலுவலகத்தில் கேட்டதற்கு, "கழிவுதானே, உரக்குழியில் போடுங்கள்" என்றார்கள். உரமாகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 2,000 கலோரி சாப்பாட்டுக்கு 30 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறார்கள். கடையில் அதையே டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். இங்கே அதை மிதித்துக்கொண்டு நடக்கிறோம்.

சந்தையிலேயே ஓர் உலர்த்தும் கூடம் வேண்டும். அன்றன்றைக்கு உரித்ததை அன்றே கழுவி, நறுக்கி, காயவைக்கும் வேலையைக் கேரளத்தின் மகளிர் குழுவான குடும்பஸ்ரீ பெண்களிடம் கொடுக்கலாம். மேல் இலையில்தான் பூச்சிமருந்து அதிகம் படியும், அதனால் சோதனை செய்யாமல் எதையும் எடுக்கக் கூடாது. காய்ந்த பொடியை எந்த ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்பலாம்.

ஓணத்துக்கு முந்தின வாரம் குவியல் இன்னும் பெரிதாகும். ஆய்வாளர்கள் யாராவது அப்போது வந்தால், கூடவே நின்று எது தேறும், எது தேறாது என்று பிரித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு காய்கறி வியாபாரி,
கொழிஞ்சாம்பாறை