ஓஃபாஸ்ட் போடலாமா என்று கேட்டாயே

ஹட்டன்

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. இங்கே ஐந்து நாளாக விடாத மழை. அம்மாவுக்குக் கால்வலி குறைந்திருக்கிறது, உன்னை விசாரித்தார்.

நிரல் மெதுவாக ஓடுகிறது, அதை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலரில் வேகம் கூட்டும் ஓஃபாஸ்ட் (-Ofast) தேர்வைப் போடலாமா என்று கேட்டாய். போடாதே மச்சான். நான் போட்டுப் பட்டுவிட்டேன்.

தோட்டத்து மழைப் பதிவேட்டை இப்போது கணினியில் ஏற்றுகிறேன். பாதிப் பக்கங்கள் அப்பாவின் கையெழுத்து. தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து எழுதுவார். அவர் காய்ச்சலில் கிடந்த நாட்களின் கட்டங்கள் வெறுமையாக இருக்கும். அங்கே பூச்சியம் போட முடியாது, பூச்சியம் என்றால் மழையே இல்லை என்று அர்த்தம். அதனால் நேன், அதாவது 'எண் அல்ல' என்ற குறியைப் போட்டேன். கூட்டும்போது, ஒரு மதிப்பு நேனா என்று சோதிக்கும் இஸ்நேன் (isnan) வைத்து அந்த நாட்களைத் தள்ளிவிடுவேன். ஓ2 (-O2) என்ற சாதாரண வேகத் தேர்வில் சரியாக ஓடியது. ஓஃபாஸ்ட் போட்டதும் மாதச் சராசரி எல்லாமே நேன்!

காரணம் இதுதான். ஓஃபாஸ்ட் என்பது ஓ3 (-O3) என்ற இன்னும் உயர்ந்த வேகத் தேர்வோடு, கணக்கு விதிகளைத் தளர்த்தும் ஃபாஸ்ட்-மேத்தையும் (-ffast-math) சேர்த்துக்கொள்கிறது. நேன் வரவே வராது என்று கம்பைலர் நம்பிக்கொள்ளும். பிறகு இஸ்நேன் எதற்கு? எப்போதும் 'இல்லை' என்று வைத்து, சோதனையையே நீக்கிவிடும். கணினியில் புள்ளி வைத்த எண்களைக் கையாள 1985இல் வந்த ஐஇஇஇ 754 தரம் நேனுக்குக் கொடுத்த இடம் அத்தோடு போய்விடும்.

கூட்டும் வரிசையையும் மாற்றும்; கணினியில் வரிசை மாறினால் விடையின் கடைசி இலக்கமும் மாறலாம். 0.1உம் 0.2உம் கூட்டிப் பிறகு 0.3 சேர்த்தால் 0.6000000000000001 வரும். 0.2உம் 0.3உம் முதலில் கூட்டினால் 0.6. கஹான் என்ற கணினி அறிஞரின் கூட்டல் முறையில் சிதறும் கடைசி இலக்கங்களைத் தனியே பிடித்து வைப்போமே, அந்தக் கழித்தலைப் பள்ளிக்கூட அல்ஜிப்ராப்படி பூச்சியம் என்று கணக்குப் போட்டு அழித்துவிடும். பிழை என்று ஒரு வரிகூடச் சொல்லாது.

கிளாங் என்ற இன்னொரு கம்பைலரின் 19ஆம் பதிப்பிலிருந்து அதை உருவாக்குபவர்களே ஓஃபாஸ்டைக் கைவிடச் சொல்கிறார்கள். வேண்டுமென்றால் ஓ3யையும் ஃபாஸ்ட்-மேத்தையும் தனித்தனியாக, தெரிந்தே எழுது என்கிறார்கள். அது நியாயம்.

நீ முதலில் நேரத்தை அளக்கும் பெர்ஃப் (perf) கருவியை வைத்து, திரும்பத் திரும்ப ஓடும் எந்த லூப் நேரத்தைத் தின்கிறது என்று பார். வர்க்கமூலம்தான் இழுக்கிறது என்றால், கணக்குப் பிழையைக் குறித்து வைக்கும் எர்நோவை (errno) நீ எங்கும் பார்க்காதவரை, அதைக் குறிக்க வேண்டாம் என்று சொல்லும் நோ-மேத்-எர்நோ (-fno-math-errno) மட்டும் போதும். அந்த லூப்பை அடுத்த கடிதத்தில் அனுப்பு, இருவருமாகப் பார்ப்போம். தீபாவளிக்கு வருவாய்தானே? அப்பாவின் பதிவேட்டைக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்