அந்தக் கட்டுகளுக்குள் எங்கள் ஆச்சியின் பாட்டு இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. சொந்த ஊர் ஒரு கரிசல்காட்டுக் கிராமம். எங்கள் பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றின் நூலகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பெயரைச் சொல்லவில்லை. பழி போடுவது என் நோக்கம் அல்ல, இது அந்த ஒரு நூலகத்தோடு முடிகிற விஷயமும் அல்ல.

2016-இல் ஏழாம் வகுப்புக்கு நாட்டுப்புறப் பாடல் நடத்த வேண்டியிருந்தது. கைக்குக் கிடைத்த தொகுப்புகளில் எல்லாம் நடவுப் பாட்டுதான். எங்கள் பிள்ளைகள் நாற்று நடுவதைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பருத்தியும் உளுந்தும் மிளகாயும். எங்கள் பக்கத்துக் களையெடுப்புப் பாட்டு எழுத்தில் எங்காவது கிடைக்குமா என்று தேடித்தான் அந்த நூலகத்துக்குப் போனேன்.

ரெஃபரன்ஸ் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார். ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம்தான் என்றார். நான் விஷயத்தைச் சொன்னதும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பாமல், “எந்த ஊர்ம்மா?” என்று கேட்டார். ஊரைச் சொன்னேன். “எம்.ஃபில். ஆய்வேட்டு ரேக்குல பாருங்க. உங்க பக்கத்துப் பிள்ளைங்க எண்பதுகள்ல நிறைய சேகரிச்சு வச்சிருக்காங்க” என்று கையோடு கூட்டிப் போனார்.

கடைசி அறை. கறுப்பு காலிகோ அட்டை, முதுகில் உதிர்ந்து போன தங்க எழுத்து. எல்லாம் தட்டச்சுப் பிரதிகள். மூன்றாவதாக அவர் எடுத்துக் கொடுத்தது 1987-இல் கொடுக்கப்பட்ட ஆய்வேடு. எங்கள் வட்டாரத்துப் பெண்களின் பாடல்கள். தட்டச்சுப் பிழைகளைக் கறுப்பு மையால் கையாலேயே திருத்தியிருந்தார்கள். பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல் என்று நான்கு பக்கம். பெயர், வயது, ஊர், தொழில், கல்வி. பதினோராவது வரியில் எங்கள் ஆச்சியின் பெயர். வயது 68. தொழில் காட்டு வேலை. கல்வி என்ற இடத்தில் கைநாட்டு.

ஆச்சி 1994-இல் இறந்துவிட்டாள். வீட்டில் அவளுடைய போட்டோ கூட ஒன்று இல்லை. அப்படிப்பட்டவள் பாடியதாக ஏழு பாட்டு அந்த ஆய்வேட்டில் இருந்தது. நாலு களையெடுப்புப் பாட்டு, இரண்டு தாலாட்டு, ஒரு ஒப்பாரி. வீட்டுக்குள் ஒப்பாரி பாடக் கூடாது என்று தகவலாளர் மறுத்ததால் ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையில் வைத்துப் பதிவு செய்ததாக அடிக்குறிப்பு. அதற்கும் கீழே இன்னொரு வரி: “இவ்விடத்தில் தகவலாளர் அழுததால் பாடல் நின்றது.” யாரை நினைத்து அழுதாள் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என் பெரிய மாமா சின்ன வயதிலேயே போனவர்.

மேஜையில் உட்கார்ந்து ஏழு பாட்டையும் கையால் எழுதிக்கொண்டேன். ஜெராக்ஸ் எடுக்க அனுமதி இல்லை. சாயங்காலம் ஐந்து மணி ஆனதும் அந்தப் பெரியவர் வந்து, “முடிச்சுட்டுப் போங்கம்மா, நான் இருக்கேன்” என்றார். ஒரு நூலகச் சேவை என்றால் எனக்கு இன்றைக்கும் அவர் முகம்தான் ஞாபகம் வரும்.

இந்த வருடம் என் மகளுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று கூட்டிப் போனேன். ரெஃபரன்ஸ் பிரிவில் ஆளே இல்லை. அந்த அறை பூட்டியிருந்தது. வராந்தாவில் சணல் கயிறு போட்டுக் கட்டிய கட்டுகள் சுவரோரமாக என் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மேல் கட்டில் அதே கறுப்பு காலிகோ முதுகுகள். கேட்டதற்கு, “டிஜிட்டல் லைப்ரரிக்கு இடம் வேணும் மேடம். பழசெல்லாம் கழிவு. எல்லாமே ஆன்லைன்லதான் இருக்கே” என்றார் ஒரு இளைஞர். அவர் ஒப்பந்த ஊழியர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் உண்மை அல்ல. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஆன்லைனில் இருப்பவற்றின் அருமை எனக்குத் தெரியும். மகள் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறாள். மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசுக் கல்லூரிப் பிள்ளைகளும் படிக்க முடிகிறது. மூன்று வருடங்களுக்கு 6,000 கோடி ரூபாய். நல்ல திட்டம், வேண்டிய திட்டம். ஆனால் அந்த 13,000-இல் எங்கள் கண்மாய்க் கரை இருக்காது. இன்னொன்று சோத்கங்கா, இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் இணையக் களஞ்சியம். 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிக்குப் பிறகு ஆய்வேடுகளின் மின்பிரதி அதை நடத்தும், காந்திநகரில் இருக்கும் இன்ஃபிலிப்நெட் மையத்துக்குப் போகிறது. அதற்கு முந்தைய பிஎச்.டி. ஆய்வேடுகளையும் சில பல்கலைக்கழகங்கள் ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கின்றன. அந்த 1987 ஆய்வேட்டை அங்கே இரண்டு இரவு தேடினேன். இல்லை. அதே ரேக்கில் நான் குறித்து வைத்திருந்த மற்ற ஐந்தும் இல்லை.

எம்.ஃபில். என்றால் சின்னப் படிப்பு, ஒப்புக்கு எழுதுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எழுதப்பட்டவையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எண்பதுகளில் வீட்டிலேயே முதல் ஆளாக எம்.ஏ. முடித்த பிள்ளைகள் டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குத்தான் போனார்கள். தன் தெருக் கிழவிகளிடம்தான் உட்கார்ந்தார்கள். பேராசிரியர்கள் யாரும் வந்து கேட்டிராத பாட்டுகள் அவை. கேசட்டுகள் எங்கே போயின என்று தெரியாது. பாடியவர்கள் இன்று உயிரோடு இல்லை. 2022-இல் எம்.ஃபில். படிப்பையே நிறுத்திவிட்டார்கள். அதனால் புதிதாக ஒன்றும் வரப் போவதில்லை. பெரும்பாலும் ஒரே ஒரு பிரதி, அது அந்த நூலகத்தில் மட்டும். அதை எடைக்குப் போட்டுவிட்டால் வேறு எங்கே போய்க் கேட்பது?

எல்லாவற்றையும் காலத்துக்கும் வைத்துக்கொள்ள முடியாது என்பதும் புரிகிறது. பதினைந்து வருடத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர் கைடுகள், ஒரே பாடப்புத்தகத்தின் நாற்பது பிரதி, இதையெல்லாம் கழிக்கட்டும். இடம் ஆகும். அப்புறம் கழிக்கும் முன் தலைப்புப் பட்டியலைத் தமிழ்த் துறைக்கு அனுப்பி ஒரு மாதம் அவகாசம் கொடுக்கட்டும். வேறு எங்கும் பிரதி இல்லாததைத் தனியாக எடுத்து வைக்கட்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பழைய நூல்களையும் இதழ்களையும் மின்மயமாக்கி யாரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் மற்றவர்கள் தூக்கிப் போட்ட நோட்டீஸையும் பாட்டுப் புத்தகத்தையும் சேர்த்து வைத்தார். இன்று சென்னையில் அவர் பெயரில் இருக்கும் நூலகத்துக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆய்வாளர்கள் வருகிறார்கள். அவர் ஒற்றை மனிதர். பல்கலைக்கழகத்துக்குக் கட்டடம் இருக்கிறது, ஸ்கேனர் இருக்கிறது.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றவர். நூலகத்துக்கு அவர் சொன்ன ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அந்த 1987 ஆய்வேட்டுக்கு வாசகி வந்து சேர 29 வருடம் ஆனது. அந்தப் பெரியவர் அன்றைக்கு அந்த நாற்காலியில் இல்லாதிருந்தால் நானும் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பேன். ரெஃபரன்ஸ் பிரிவில் ஏன் ஆள் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. டிஜிட்டல் அறை எத்தனை அழகாக அமைந்தாலும், “எந்த ஊர்ம்மா?” என்று கேட்க ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

நூலகருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். ஐந்து வாரம் ஆகிறது, பதில் வரவில்லை. ஆய்வேட்டின் பதிவு எண்ணை அதில் குறித்திருக்கிறேன். இந்தக் கடிதம் பல்கலைக்கழகத்தில் யார் கண்ணிலாவது பட்டால், அந்தக் கட்டுகள் இன்னும் வராந்தாவில்தான் இருக்கின்றனவா என்று மட்டும் முதலில் பாருங்கள். இருந்தால் ஒரு போன் போதும், வாங்கிப் போக நானே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளித் தமிழாசிரியை